மில் காதல் கதையும் திங்கட்கிழமை இருமலும்

லீவு நாளில் பார்க்க நல்ல காதல் கதை ஏதாவது இருக்கான்னு கேக்குறீங்களா? பிபிசி 2004இல் எடுத்த 'நார்த் அண்ட் சவுத்' பாருங்க. நாலே எபிசோடுதான்.

எலிசபெத் காஸ்கெல் 1854-55இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக எழுதிய நாவல் இது. மான்செஸ்டரை மனசில் வைத்து உருவாக்கிய மில்டன் என்கிற பஞ்சாலை ஊர். மில் முதலாளி தார்ன்டன், தெற்கிலிருந்து குடிவந்த மார்கரெட். முதலில் மோதல், அப்புறம் காதல். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு ரொம்பப் பழகின ரூட்டு!

ஆனா ஒண்ணு. பல கதைகளில் மில் வெறும் செட்டு. இதில் அப்படி இல்லை.

மில்லுக்குள்ள பஞ்சு பனி மாதிரி பறக்கும். பார்க்க அவ்வளவு அழகு. அதே பஞ்சுதான் மார்கரெட்டின் தோழி பெஸ்ஸியைக் கொல்லும். தூசியை வெளியே இழுக்கச் சக்கரம் வைக்கலாம். செலவு, லாபமில்லைன்னு பல முதலாளிகள் வைப்பதில்லை. இதை நாவலில் சொல்றதே பெஸ்ஸிதான்.

தொழிலாளி ஹிக்கின்ஸ் பேச்சைத் தார்ன்டன் காது கொடுத்துக் கேட்க ஆரம்பிச்ச பிறகுதான் காதலே கைகூடும். எனக்குக் கதையில் பிடிச்சது அதுதான்.

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதைன்னு நினைக்காதீங்க. கடலூருக்குப் பக்கத்துல இருக்கிற புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நமக்கும் மில் கதை இருக்கு. எடுக்கத்தான் ஆளில்லை.

சரி, டாக்டரா ஒரு விஷயம்.

பெஸ்ஸிக்கு வந்த மாதிரியான நோய்க்குப் பேர் பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால் வருவது. லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புற முதல் நாள் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாளில் குறையும். வருஷக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் எல்லா நாளும் இருக்கும். நுரையீரல் பாதிப்பு நிரந்தரமாகலாம். ஆரம்பத்திலேயே தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் சரியாகும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கோவை, திருப்பூர் பக்கம் மில் வேலைக்குப் போற பொண்ணுங்க உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தா இருமல் குறைஞ்சிடும். "நம்ம ஊரு காத்து பட்டதும் சரியாப் போச்சு"ன்னு வீட்டில் சந்தோஷப்படுவாங்க. ஊருக்கு வந்தா குறையுது, மில்லுக்குப் போனா கூடுதுன்னா நோய்க்கான முக்கியமான துப்பே அதுதான்!

அதனால:

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

காசநோய் இல்லைன்னு வந்தாலும் விட்டுடாதீங்க. எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம். "மில்லில் வேலை பார்க்கிறேன், பஞ்சுத் தூசி" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. நுரையீரல் செயல்திறன் பரிசோதனை தேவைப்படும்.

சட்டப்படியான தொழில்சார் நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இருக்கு. இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை.

சக மருத்துவர்களே, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி 1700லேயே எழுதி வெச்சார் ரமாஸினி. ஓபியில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு அஞ்சு செகண்டுதான் ஆகும்.

தொடரைப் பாருங்க. தார்ன்டனை ரசிங்க. உங்க தெருவில் மில் வேலைக்குப் போன பொண்ணு பொங்கலுக்கு வந்தா, இருமல் இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க.