வேண்டாம் என்றாலும் கொலை, வேண்டும் என்றாலும் கொலை

2022 அக்டோபர் 13. சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவரை ஓடிவந்த ரயிலின் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். அவனை வேண்டாம் என்று சொன்னதுதான் அந்தப் பெண் செய்த 'குற்றம்'.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயங்களோடு உயிர் பிழைத்தார். தலித் இளைஞர் ஒருவரை வேண்டும் என்று சொல்லி மணந்துகொண்டதுதான் கௌசல்யா செய்த 'குற்றம்'.

முதலாவதைக் காதல் விவகாரம் என்றும் இரண்டாவதைச் சாதி விவகாரம் என்றும் பிரித்துப் பேசியே பழகிவிட்டோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஆண் திமிர்தான். பெண் சுயமாக முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெண் சொல்லும் 'வேண்டாம்' என்பதை மதிக்க வேண்டியதில்லை என்று கற்றுக்கொடுத்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு. 2016இல் வெளிவந்த 'ரெமோ'வையே எடுத்துக்கொள்வோம். வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகும் பெண்ணை, நர்ஸ் வேடம் போட்டு ஏமாற்றிக் காதலிக்க வைப்பதுதான் கதை. அதைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கும் படமாக விற்றார்கள். பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013 முதல் சட்டப்படி தனிக் குற்றம். திரையிலோ அது கதாநாயகனின் தகுதி.

பெண் சொல்லும் 'வேண்டும்' என்பதை மறுக்கிற வேலையைச் சாதி செய்கிறது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அதை நியாயப்படுத்த ஊர் ஊராகப் பரப்பப்பட்டதுதான் 'நாடகக் காதல்' என்ற பொய். ஜீன்சும் கூலிங் கிளாசும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்றார்கள். இதில் தலித் இளைஞர் மோசடிக்காரர் ஆக்கப்படுகிறார். சொந்தச் சாதிப் பெண்ணோ மூளையே இல்லாதவள் ஆக்கப்படுகிறாள். சாதியின் உயிர்நாடி அகமண முறைதான் என்று அம்பேத்கர் 1916லேயே விளக்கிவிட்டார். அதைக் காக்கப் பெண்ணைக் காவலில் வைத்தாக வேண்டும். மீசையும் அரிவாளுமாகத் திரையிலும் ரீல்ஸிலும் வலம்வரும் 'வீரம்' அந்தக் காவல்காரன் வேலைதான்.

ஊடகங்களும் லேசுப்பட்டவை அல்ல. பெண்ணை விரட்டி விரட்டிக் கொன்றவனுக்கு 'ஒருதலைக் காதல்' என்று தலைப்புப் போடுகிறார்கள். கொலைகாரனுக்குக் காதலன் பட்டம் கிடைத்துவிடுகிறது. அடுத்த நாள் அந்தப் பெண் யாரோடு பழகினார், என்ன உடுத்தினார் என்று விவாதம் தொடங்குகிறது.

'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தவர்களை 'ஆணவக் கொலை' என்று எழுத வைத்தது சாதி ஒழிப்பு இயக்கங்களின் விடாப்பிடியான போராட்டம்தான். 'ஒருதலைக் காதல்' என்ற சொல்லையும் அப்படியே விரட்டியாக வேண்டும்.

ஆனால் தோழர்களே, ஆணவக் கொலையைக் கண்டித்துப் பதிவு போட்டுவிட்டு, வேண்டாம் என்ற பெண்ணைத் திட்டும் 'சூப் பாய்' பாட்டை ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தங்கை யாரோடு பேசுகிறாள் என்று போனைச் சோதிக்கும் அண்ணன்களும் இருக்கிறார்கள். பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்றார் பெரியார். அவர் படத்தைச் சட்டையில் அணிந்திருப்பவர்கள் அந்த வேலையைத் தங்களிடமிருந்து தொடங்கட்டும்.