விதியும் இரண்டு வரி ஆங்கிலமும்

திருகோணமலைத் துறைமுகத்தில் கூலிக்கு உழைப்பவனின் மனைவி பிரசவத்தில் மடிந்தாலும், மூதூர்க் கரையில் வலை இழுப்பவனின் மகன் சிகிச்சைக்குப் போய்க் கையை இழந்து திரும்பினாலும், அயலார் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: விதி! வைத்தியசாலை கொடுக்கும் காகிதத்திலோ இரண்டு வரி ஆங்கிலம். அந்த விதிக்கும் இந்த இரண்டு வரிக்கும் நடுவே நடந்தது என்ன? இதைக் கேட்கும் உரிமை நமது மக்களுக்கு இல்லையா? சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அவ்வுரிமை குடியிருப்பது 260 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பில்.

நாம் வைத்தியர்களின் பகைவர்கள் அல்லர். நிரம்பி வழியும் விடுதியில் ஒற்றைத் தாதி இரவு முழுதும் ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போயினர். தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பாக, முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆயினும், நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்தின் கதை அமைச்சின் மேசையில் தொடங்குகிறது என்பதை மறக்கலாகாது. தவறு நேரும்போது கடைநிலைத் தாதியை மட்டும் பலிகொடுத்துவிட்டு மற்றவர்கள் தப்புவதை நாம் ஏற்கமாட்டோம்.

சட்டத்தின் வாசலில் நடப்பது என்ன? பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கைப் பாருங்கள். 1992இல் மூளைக் கட்டியால் இறந்த ஒரு குழந்தையின் தந்தை தொடுத்த வழக்கு அது. தந்தையோ சாமானியர் அல்லர்; சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டவல்லுநர். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், மரணத்துக்கு வைத்தியரே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கையே தள்ளிற்று. தீர்ப்பின் நியாயத்தை நாம் இங்கே விசாரிக்கவில்லை. சட்டமே தொழிலாகக் கொண்டவர் குழந்தையை இழந்து ஒன்பது ஆண்டுகளின் பின் வெறுங்கையோடு திரும்பினார் என்றால், கிண்ணியாவின் மீனவன் எந்தத் துணிவில் படியேறுவான்?

ரோம டச்சுச் சட்டம் அன்று பண நட்டத்தை மட்டுமே கணக்கிட்டது. உழைத்துத் தராத குழந்தையின் உயிருக்கு அந்தக் கணக்கில் விலையே இல்லை. பெற்ற வயிற்றின் துயரம் நட்டமாகவே கொள்ளப்படவில்லை! 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான் அன்பும் துணையும் இழந்ததற்கு நட்டஈடு கோர வழி திறந்தது. நல்லதே. ஆனால் வாசலில் கடிகாரம் தொங்குகிறது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டே ஆண்டுகள். அரசாங்க வைத்தியசாலை என்றால் முன்கூட்டியே ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரே மாதம், அதுவும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில். முப்பத்தொன்று முடியுமுன் அந்த மாதம் ஓடிவிடுகிறது. மருத்துவச் சபை வைத்தியரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கலாம். இழந்த கைக்கு ஒரு சதமும் தராது.

கவனயீனத்தை நிரூபிக்க மற்றொரு வைத்தியரின் சாட்சியம் வேண்டும். தன் சகாவுக்கு எதிராகக் கூண்டேற எத்தனை பேர் வருவர்? இந்தச் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றியே தீரவேண்டும் என்பதில்லை. நியூசிலாந்து 1974இலேயே, தவறு யாருடையது என்று மன்றாடாமல், விபத்துக்குள்ளானவனுக்குப் பொது நிதியிலிருந்து ஈடுசெய்யும் முறையை ஏற்படுத்தியது. சிகிச்சையால் நேரும் ஊறும் இன்று அதில் அடங்கும். இலங்கையில் இலவச வைத்தியத்தை உரிமையாக வென்றவர்கள் நாம். அவ்வைத்தியத்தால் ஊனமுற்றவனை மட்டும் தனியே வழக்காட விடுவது எந்த நியாயம்?

அந்த நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு அவரது சிகிச்சைப் பதிவேட்டின் பிரதியைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பதிவேடு கைக்கு வந்தால்தான் சட்டத்தரணியும் பேச முடியும், வேறொரு வைத்தியரும் படித்துப் பொருள் சொல்ல முடியும். நமது பாடசாலைகளில் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! சுகவீன விடுமுறைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். இவ்வாண்டு இந்த விண்ணப்பத்தையும் எழுதுவோம். மாணவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.