பெப்டைடு பாட்டிலும் வாட்ஸ்அப் சான்றிதழும்

முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை பக்கம் மரவள்ளியும் மஞ்சளும் பயிரிடும் உங்களுக்கு டானிக் விற்க இப்போது ஆள் நேரில் வருவதில்லை, கைப்பேசிக்குள் வருகிறார். ‘பெப்டைடு 80 சதவீதம், கிழங்கு இரட்டிப்பு’ என்று விளம்பரம். சான்று கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வரும். முத்திரை, கையெழுத்து, கியூ.ஆர். கோடு எல்லாம் கச்சிதமாக இருக்கும்.

பெப்டைடு என்பதே பொய் இல்லை. புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தால் கிடைப்பது அது. அமினோ அமிலம், புரத ஹைட்ரோலைசேட் ஆகியவற்றை, பயோஸ்டிமுலன்ட் என்ற தலைப்பில், 2021 பிப்ரவரி 23 அன்று உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் மத்திய அரசு கொண்டுவந்தது. அட்டவணை 6-ல் ஒவ்வொன்றின் உட்கூறும், எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதும் இருக்கும். இடைக்காலமாகக் கொடுத்த ஜி-3 தற்காலிகப் பதிவு 2025 ஜூன் 16-உடன் முடிந்துவிட்டது. இன்று ஒருவர் ஜி-3 சான்றைக் காட்டினால் அது காலாவதியான தாள். தக்காளிக்கு அனுமதி பெற்றதை மரவள்ளிக்குச் சிபாரிசு செய்வதும் செல்லாது. சுமார் 30,000 பொருட்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டன, கெடுபிடிக்குப் பின் அது சுமார் 650 ஆகக் குறைந்தது என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 ஜூலையில் சொன்னார். மீதிச் சரக்கெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணைத்தான், முத்திரையை அல்ல. புரதத்தை அளக்கும் பழைய முறையில் மொத்தத் தழைச்சத்தை 6.25-ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்; பெருக்கினால் 287.5 சதவீதம் ‘புரதம்’! 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்து குழந்தைகளைக் கொன்ற மோசடி இதே ஓட்டையில் நுழைந்ததுதான். யூரியாவைக் கரைத்து நிறம் சேர்த்து அடைத்தாலும் இந்தச் சோதனையில் ‘புரதம்’ வந்துவிடும். தெளித்தால் இலையும் பச்சை கட்டும், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் சேகோ ஆலை இலைக்கு விலை போடுவதில்லை. கிழங்கின் மாவுச்சத்துப் பாயிண்டுக்குப் போடுகிறது. தழைச்சத்து மிஞ்சினால் தழைதான் மிஞ்சும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 2 சதவீதக் கரைசலுக்கு வேண்டிய 20 கிராம், லிட்டருக்கு 12 காசுதான் ஆகிறது. எனவே மொத்தத் தழைச்சத்து மட்டும் போட்ட அறிக்கையை ஏற்காதீர்கள். அமினோ அமிலம் தனியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். பூச்சிமருந்து எச்சம் 0.01 பி.பி.எம்.முக்கு மேல் இல்லை என்பதும் வேண்டும். ‘டானிக்’ அடித்ததும் பூச்சி செத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஆய்வகம். ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக முறைக்கான சான்று. ஆய்வகத் திறனுக்கு உரியது 17025. என்.ஏ.பி.எல். முத்திரை உள்ள அறிக்கையில் டி.சி. எண்ணும் யு.எல்.ஆர். எண்ணும் இருக்கும். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் அந்த டி.சி. எண்ணைத் தேடினால் ஆய்வகத்தின் பெயரும், எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியலும் வரும். தண்ணீர் சோதிக்க மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் பெப்டைடுக்குச் சான்று தந்திருந்தால் கதை புரிந்துவிடும். சந்தேகம் தீர ஆய்வகத்தையே கேளுங்கள். ஆனால் அறிக்கையில் உள்ள எண்ணுக்கோ கியூ.ஆர். கோடுக்கோ போகாதீர்கள், அதுவும் விற்பவர் வைத்ததாக இருக்கலாம். ‘மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது’ என்ற வரியையும் கவனியுங்கள். அறிக்கை அந்த ஒரு மாதிரிக்கு மட்டுமே. அதிலுள்ள பேட்ச் எண் உங்கள் பாட்டிலில் இல்லையென்றால் அது உங்கள் பாட்டிலின் சான்று அல்ல.

இத்தனையையும் விவசாயி தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதும் என் கருத்து. அட்டவணை 6-ல் உள்ளவற்றைப் பயிர் வாரியாகத் தமிழில் உழவன் செயலியில் போடுவது வேளாண் துறைக்குப் பெரிய வேலை இல்லை. பட்டியல் மாறவும் செய்யும்: விலங்கு மூலத்திலிருந்து வரும் 11 பயோஸ்டிமுலன்டுகளுக்கான அனுமதி 2025 செப்டம்பர் 30 அன்று நீக்கப்பட்டது. களப் பணியாளர்கள் பழைய பட்டியலை வைத்துப் பதில் சொல்லக் கூடாது.

வாங்கிவிட்டீர்களா? தெளிக்காதீர்கள். பிரிக்காத பாட்டில், பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. பணம் போய்ச் சரக்கே வரவில்லையென்றால் அன்றைக்கே 1930-க்கு அழையுங்கள்.