தத்துவமும் பௌதிகமும் யாருக்குச் சொந்தம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் பிளஸ் டூ முடிவு வந்ததும் உழைப்பாளி வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: "எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்வி. தறியடியில் நாளெல்லாம் நிற்கும் தகப்பனும், களைவெட்டப் போகும் தாயும், தங்கள் பிள்ளை அதே தறிக்கும் அதே காட்டுக்கும் திரும்பக் கூடாது என்று நினைப்பதில் என்ன தவறு?

ஆனால் இந்தக் கவலையைச் சாக்காக வைத்து ஒரு கூட்டம் நமக்கு உபதேசம் செய்கிறது. "கூலிக்காரன் பிள்ளைக்குத் தத்துவம் எதற்கு? அரசியல் விஞ்ஞானம் எதற்கு? பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து என்ன கிழிக்கப் போகிறான்? ஏதாவது ஒரு கைவேலை பழகட்டும்" என்கிறது. இந்த உபதேசத்தை நாம் ஏற்க முடியாது. ஏன்?

பௌதிகத்தை எடுத்துக் கொள்வோம். கிணற்று மேட்டில் வைத்த பம்பு சுமார் 34 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் உறிஞ்சாது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். அதன் சக்தி அவ்வளவுதான். அதனால்தான் ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்குகிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் பூமியைத் துளைக்கின்றன. துளைக்கும் கை நம்முடையது. அதன் விஞ்ஞானம் மட்டும் அடுத்தவன் சொத்தா?

அரசியல் விஞ்ஞானம்? பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளி வாங்கிய முன்பணம் அவனைத் தறியோடு கட்டிப் போடுகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி மனிதனை வேலையில் பிடித்து வைப்பது குற்றம் என்று அது சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். அதே 1976-ல், 42-வது திருத்தத்தின் மூலம், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். யார் மாற்றினார்கள், எந்த அதிகாரத்தில் மாற்றினார்கள், யாருக்கு லாபம் என்று கேட்கக் கற்றுத் தருவதுதான் அந்தப் படிப்பு.

தத்துவம் என்றால் காவி கட்டியவர் பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஒன்று உண்மை என்று எப்படித் தெரியும், எதற்கு எது காரணம் என்று ஆராய்வதுதான் தத்துவம். மணிமேகலைக் காப்பியத்தில் பல சமயவாதிகள் தத்தம் வாதத்தை எடுத்து வைக்கிறார்கள்; அவர்களில் பூதவாதியும் ஒருவன். பூதங்களின் சேர்க்கையிலேயே உணர்வு பிறக்கிறது என்பது அவன் கட்சி. இப்படி வாதிட்ட மொழி நம் மொழி. கூலி குறைந்தால் தலைவிதி என்பவனுக்கும், காரணத்தைத் தேடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த மூன்றும் தனித்தனித் தீவுகளும் அல்ல. கார்ல் மார்க்ஸ் 1841-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஆராய்ச்சி, டெமாக்ரிட்டஸ், எபிகூரஸ் என்ற கிரேக்க அறிஞர்களின் அணுக் கொள்கையைப் பற்றியது. தீண்டாமைக் கொடுமையில் வளர்ந்த அம்பேத்கர் 1912-ல் பம்பாய் சர்வகலாசாலையில் பெற்ற பி.ஏ. பட்டம், பொருளாதாரத்திலும் அரசியலிலும்தான். அந்தப் படிப்பு உனக்கு உதவாது என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் நஷ்டம் யாருக்கு? நமது சிங்காரவேலர் 1930-களில் விஞ்ஞானத்தையும் தத்துவத்தையும் எளிய தமிழில் உழைப்பாளி மக்களுக்கு எழுதினார். 1935-ல் 'புது உலகம்' பத்திரிகையையும் நடத்தினார்.

ஏழைக்குப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? பெரும்பாலும் அவன் அல்ல, அவனுடைய வறுமை. பின்னாளில் ராஷ்டிரபதியான ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணமே, படித்து முடித்த உறவினர் ஒருவர் தமது தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான். புத்தகம் கிடைத்தது, பாடம் முடிவாயிற்று! இன்று நம் பிள்ளைக்குப் பாடத்தை முடிவு செய்வது பஸ் தூரம், கட்டணம், இங்கிலீஷ். சென்னையில் சில பழைய கல்லூரிகளை விட்டால் பி.ஏ. தத்துவ வகுப்பைக் காண்பதே அரிது.

தமிழில் முடியாதா? முடியும் என்று காட்டியாகிவிட்டது. சி.சுப்பிரமணியம் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1960-ல், கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு தமிழிலேயே தொடங்கியது. அதற்குப் பின் சர்க்கார் செலவில் தத்துவம், பௌதிகம், அரசியல் உட்பட நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்கள் தமிழில் வந்தன. ஆனால் உயர்ந்த வேலை இங்கிலீஷுக்கு, மிச்சம் தமிழுக்கு என்று வைத்ததால் அந்த முயற்சி இளைத்துப் போயிற்று.

இன்னொரு பக்கம் நாமக்கல் வட்டாரம் வேறு விதத்தில் பெயர் வாங்கியது. பல ஆண்டுகள் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து மார்க்கு எடுக்க வைத்தார்கள். பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம் நடத்தினார்கள். பிராய்லர் பள்ளி என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-ல் அது கைவிடப்பட்டது. அங்கே பௌதிகம் மார்க்கு எடுக்கும் பண்டம். பணம் இருப்பவன் வாங்கினான். ஏன், எப்படி என்று கேட்க அங்கே நேரமே இல்லை.

சரி, வேலை? சர்வீஸ் கமிஷன் பரீட்சைகளின் பொது அறிவுத் தாளில் விஞ்ஞானமும் இந்திய அரசியலமைப்பும் கேட்கிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில சர்க்கார் வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. ஆகவே வேலைக்கும் இந்தப் படிப்புக்கும் பகை இல்லை. வேலை போதாமல் இருப்பது படிப்பின் குற்றமும் அல்ல. வேலையைப் பெருக்காத ஆட்சியின் குற்றம்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சேலம், நாமக்கல் அரசுக் கல்லூரிகளில் பௌதிகமும் அரசியல் விஞ்ஞானமும் தத்துவமும் தமிழில் கிடைக்க வேண்டும். பழைய தமிழ் நூல்களை இன்றைய விஞ்ஞானத்துக்கு ஏற்பத் திருத்தி, மலிவு விலையில் தர வேண்டும். சோதனைச் சாலையில் கருவி இருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. அந்த ஊதியம் கேட்டு அவர்கள் வீதியில் நிற்க வேண்டியிருந்தது வெட்கக்கேடு. ஷிப்டு வேலைக்குப் போகும் வாலிபர்கள் படிக்க மாலை வகுப்பும் வேண்டும்.

தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆலைவாசல் கூட்டத்தில் பேசுங்கள், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசுங்கள். யந்திரத்தை ஓட்டுகிறவன் அதன் விதியையும் அறியட்டும். சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவன் அதை இயற்றியது யார் என்பதையும் அறியட்டும்.