25 வயதில் மருத்துவக் காப்புறுதி தேவையா? கணக்கைச் சரியாகப் போடுவோம்

மருத்துவக் காப்புறுதிச் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரப் போகிறது என்ற செய்தி 2024-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை ஒரேயடியாகச் சுமத்தாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்க வேண்டும் என்று காப்புறுதி, தக்காஃபுல் நிறுவனங்களுக்கு அது கட்டளையிட்டது. இதனால் குறைந்தது 80 விழுக்காட்டுப் பாலிசிதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்றும் கூறியது. இந்த ஏற்பாடு 2026-ஆம் ஆண்டு இறுதி வரைக்கும்தான்.

அப்போது எழுந்த விவாதம் பெரும்பாலும் மூத்தவர்களைப் பற்றியதாக இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் சந்தா கட்டிவிட்டு, தேவைப்படும் வயதில் கட்ட முடியாமல் கைவிடும் நிலை அவர்களுக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தங்களுக்குள் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். "கடைசியில் கைவிடத்தான் போகிறோம் என்றால், எதற்கு இப்போதே தொடங்க வேண்டும்?" என்பதே அது.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலும் முகவரிடம் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. "இளம் வயதிலேயே எடுத்துவிட்டால் மலிவு" என்பார்கள். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

சந்தா அப்படியே நிற்காது

25 வயதுக்காரருக்கு 55 வயதுக்காரரைவிடச் சந்தா குறைவு என்பது சரி. ஆனால் இன்று கட்டும் தொகையே நாளையும் தொடரும் என்று நினைப்பது தவறு. மருத்துவக் காப்புறுதியில் சந்தா இரண்டு காரணங்களால் ஏறுகிறது. ஒன்று, வயது. இன்னொன்று, மருத்துவச் செலவின் விலையேற்றம். சிறுவயதில் சேர்ந்தவர், பின்னர் சேர்ந்தவர் என்ற வேறுபாடு இந்த இரண்டாவது காரணத்துக்குக் கிடையாது. ஒரு திட்டத்தில் உள்ள அனைவருக்கும் சேர்த்தே சந்தா மறுநிர்ணயம் செய்யப்படுகிறது.

2024-இல் மலேசியாவின் மருத்துவச் செலவு உயர்வு ஏறக்குறைய 15 விழுக்காடு. உலகச் சராசரி ஏறக்குறைய 10 விழுக்காடு. பேங்க் நெகாராவின் கணக்குப்படி, 2021 முதல் 2023 வரை காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்த மருத்துவ இழப்பீட்டுச் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறியது. வசூலான சந்தா கூடியதோ 21 விழுக்காடுதான். இந்த இடைவெளி எப்போதாவது பாலிசிதாரர் தலையில்தான் விழும்.

ஓர் எளிய கணக்கு. மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் 25 வயது இளைஞர் 100 ரிங்கிட் சந்தா கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறினால், பத்து ஆண்டுகளில் அது 259 ரிங்கிட் ஆகும். அவருக்கு 45 வயதாகும்போது 673 ரிங்கிட். சம்பளம் ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால் அப்போது அது ஏறக்குறைய 6,570 ரிங்கிட்டாக இருக்கும். இன்று சம்பளத்தில் 3 விழுக்காடு எடுக்கும் சந்தா, அன்று 10 விழுக்காட்டை எடுக்கும். இது ஒரு கற்பனைக் கணக்குதான். ஆனால் "மலிவு" என்ற சொல்லை நம்பி முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டும்.

நம்மில் பலர் வைத்திருப்பது முதலீட்டோடு இணைந்த பாலிசி. இதில் மாதாமாதம் கட்டும் பணத்தின் ஒரு பகுதி முதலீட்டு யூனிட்டுகளாக மாறும். மருத்துவப் பாதுகாப்புக்கான கட்டணத்தை நிறுவனம் அந்த யூனிட்டுகளை விற்று எடுத்துக்கொள்ளும். இளவயதில் கட்டணம் குறைவு என்பதால் யூனிட்டுகள் சேரும். வயது ஏற ஏற கட்டணம் கூடி, சேர்ந்தது கரையத் தொடங்கும். ஒருநாள் "இனி கூடுதலாகக் கட்டுங்கள், இல்லையேல் பாலிசி முன்கூட்டியே முடிந்துவிடும்" என்று கடிதம் வரும். கையெழுத்துப் போட்ட நாளில் இதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

அரசாங்க மருத்துவமனை இருக்கிறதே?

இருக்கிறது. அதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. குடிமக்கள் 1 ரிங்கிட் கொடுத்து வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறலாம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். விபத்து, டிங்கி, குடல்வால் அறுவை சிகிச்சை என்று எதுவானாலும் பணமில்லை என்பதற்காக ஒருவர் சாகும் நாடு இது அல்ல. அந்த வகையில் ஒவ்வொரு மலேசியருக்கும் ஓர் அடிப்படைப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது.

காப்புறுதி வாங்கித் தருவது காத்திருப்பைக் குறைக்கும் வாய்ப்பை. முழங்கால் சவ்வு கிழிந்தவர், பித்தப்பையில் கல் உள்ளவர், கட்டி ஒன்றைச் சோதிக்க வேண்டியவர் ஆகியோருக்கு அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது சிரமம். தினக்கூலிக்கும் கிராப் ஓட்டுநருக்கும் அது வருமான இழப்பு. பணம் கட்டித் தனியாரில் அனுமதிக்கப்பட்டு, பிறகு பில்லைப் பார்த்துத் திகைத்து, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உதவி கேட்கும் குடும்பங்களை நம் சமூகம் அடிக்கடி பார்க்கிறது.

"ஆரோக்கியமானவர்" என்பதை யார் சொன்னது?

இளைஞர் ஒருவர் காப்புறுதி எடுக்கும்போது உண்மையில் வாங்குவது மலிவான விலையை அல்ல, அனுமதியை. நோய் எதுவும் பதிவாகாத நிலையில் விண்ணப்பித்தால், நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். நோய் பதிவான பிறகு விண்ணப்பித்தால் மூன்றில் ஒன்று நடக்கலாம்: கூடுதல் சந்தா, அந்த நோய்க்கு மட்டும் விலக்கு, அல்லது நேரடி நிராகரிப்பு. சந்தா கூடினால் சின்னத் திட்டத்துக்கு மாறலாம். மூடிய வாசலைத் திறக்க வழி குறைவு.

இந்த இடத்தில் நம் சமூகத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களிடையே இனிப்பு நீர் நோய் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டின் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 18 முதல் 29 வயதுக்குள் இந்நோய் உள்ளவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

அதாவது, "எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் நம் இளைஞர்களில் பலர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. சில இலவசப் பரிசோதனைத் திட்டங்களும் இந்த வயதினருக்கு எட்டுவதில்லை. பெக்கா பி40 திட்டமும் சொக்சோவின் சுகாதாரப் பரிசோதனைத் திட்டமும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானவை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இனிப்பு நீர் உள்ள 25 வயதுப் பிள்ளை, தானே கிளினிக் கெசிஹாத்தானுக்கு நடந்தால்தான் உண்டு.

"சோதித்துத் தெரிந்துவிட்டால் விண்ணப்பத்தில் எழுத வேண்டிவருமே, தெரியாமலேயே எடுத்துவிடலாமே" என்று சிலர் நினைப்பார்கள். இது இரண்டு வகையில் ஆபத்து. அறியாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. அடுத்து, அறிகுறிகள் இருந்தும் கவனிக்கவில்லை என்றால், அதை முன்பே இருந்த நோய் என்று கூறி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்கப்படும் கேள்விகளுக்குக் கவனத்தோடு, உண்மையாகப் பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை. "அதெல்லாம் எழுதாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் முகவர், இழப்பீடு கேட்கும் நாளில் பக்கத்தில் இருக்க மாட்டார்.

கம்பெனி அட்டை போதுமா?

வேலையிடம் கொடுக்கும் மருத்துவ அட்டை நல்ல வசதி. ஆனால் வேலை இருக்கும்வரைதான் அது உங்களுடையது. 27 வயதில் சேர்ந்து, 36 வயதில் ரத்தக் கொதிப்பு கண்டுபிடிக்கப்பட்டு, 38 வயதில் ஆட்குறைப்பில் வேலை போனால், அட்டையும் போகும். புதிதாக எடுக்க வாசலும் குறுகியிருக்கும்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. முதல் சில ஆயிரம் ரிங்கிட் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் வரும் பெரிய செலவுக்கு மட்டும் பாதுகாப்புப் பெறும் திட்டங்கள் சந்தையில் இருக்கின்றன. இவற்றின் சந்தா குறைவு. முதல் பகுதியைக் கம்பெனி அட்டை பார்த்துக்கொள்ளும். பெரிய பில்லுக்குச் சொந்தப் பாலிசி நிற்கும். வேலை மாறினாலும் அனுமதி கையில் இருக்கும்.

கிக் தொழிலாளர்களுக்கு இந்த அட்டையும் இல்லை. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு வேலை தொடர்பான விபத்துக்கும் நோய்க்கும் உரியது. மற்ற நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்தால் அது கைகொடுக்காது. அந்த வேறுபாட்டை அவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யார் சற்றுப் பொறுக்கலாம்?

எல்லா இளைஞரும் நாளைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதில்லை. கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரிக்கிறது, கையில் ஒரு மாதச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லை என்றால், முதல் வேலை அதைச் சரிசெய்வது. நான்கு ஆண்டுகள் கட்டிவிட்டு ஐந்தாம் ஆண்டில் கைவிடும் பாலிசியால் யாருக்கும் பயனில்லை. கட்டிய பணம் போகும். அதைவிட முக்கியமாக, வாங்கி வைத்த அனுமதியும் போகும். மறுபடி விண்ணப்பிக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்குவதாக முடிவு செய்தால், சின்னதாக வாங்கித் தொடர்ந்து கட்டுவதே புத்திசாலித்தனம். 2024 செப்டம்பர் 1 முதல், சிகிச்சைச் செலவில் ஒரு பங்கைப் பாலிசிதாரரும் ஏற்கும் கோ-பேமெண்ட் திட்டங்களை நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும். பங்கு குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 ரிங்கிட். அவசரச் சிகிச்சை, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சை ஆகியவற்றுக்கு இந்தப் பங்கு கிடையாது. எப்போதாவது மருத்துவமனைப் பக்கம் போகும் இளைஞருக்கு இது பொருத்தமான வகை.

கையெழுத்துப் போடும் முன் முகவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

- இது தனி மருத்துவக் காப்புறுதியா, முதலீட்டோடு இணைந்ததா?
- 35, 45, 55 வயதில் கட்டணம் எவ்வளவு என்று அட்டவணை காட்ட முடியுமா?
- இந்தத் திட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை சந்தா உயர்த்தப்பட்டது?
- சந்தா கட்ட முடியாமல் போனால், புதிய உடல்நிலை ஆய்வு இல்லாமல் சிறிய திட்டத்துக்கு மாற முடியுமா?

பதில் மழுப்பலாக வந்தால் வேறு முகவரைப் பாருங்கள். சொந்தக்காரர் என்பதற்காக வாங்கும் பொருள் அல்ல இது.

பாலிசி கைக்கு வந்து 15 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். பொதுவாக, விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாட்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய நோய், கட்டி, கல் போன்றவற்றுக்கு முதல் 120 நாட்களும் பாதுகாப்புத் தொடங்காது. இழப்பீடு மறுக்கப்பட்டு நிறுவனத்தோடு பேசியும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பை வாடிக்கையாளர் கட்டணமின்றி அணுகலாம். வரி கட்டுபவர்களுக்கு, கல்வி, மருத்துவக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து வரிக்கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000 ரிங்கிட்.

அரசாங்கத்தின் பங்கு

சந்தாச் சுமையைக் குறைக்க, எல்லாருக்கும் எட்டும் விலையில் ஓர் அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை அரசாங்கமும் பேங்க் நெகாராவும் வடிவமைத்து வருகின்றன. அதற்கு இபிஎஃப் இரண்டாம் கணக்கிலிருந்து சந்தா கட்ட அனுமதிக்கலாம் என்ற யோசனையும் 2025-இல் பேசப்பட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பே போதாத நிலையில் அதிலிருந்தும் எடுப்பதா என்ற எதிர்ப்பும் எழுந்தது. தனியார் மருத்துவமனைகளின் கட்டணம் வெளிப்படையாகாத வரை, பணம் எந்தப் பையிலிருந்து போனாலும் சுமை குறையப் போவதில்லை.

அந்தத் திட்டம் நல்லபடியாக வந்தால், இன்று தயங்கும் பல இளைஞர்களுக்கு அதுவே ஏற்றதாக இருக்கலாம். ஆனால் அது வரும்வரை உடல் காத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே காப்புறுதி எடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த மாதமே ஒரு காலைப்பொழுதில் வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போய், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வாருங்கள். அளவு சரியாக இருந்தால், மேலே சொன்ன நான்கு கேள்விகளோடு நிதானமாகத் திட்டத்தைத் தேடலாம். கூடுதலாக இருந்தால், எந்தப் பாலிசியையும்விட அவசரமான சிகிச்சையை இன்றே தொடங்கலாம்.