வரப்புக்கு இந்தப் பக்கம்

உறவில் ஒரு தம்பி. சிவில் டிப்ளமோ முடித்து, காற்றாலைக் கம்பெனிகளுக்கும் சோலார் கம்பெனிகளுக்கும் சர்வேயராக அலைந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வாங்கியாகிவிட்டது. அடுத்தது வண்டி. "அண்ணே, தார் எடுக்கலாம்னு இருக்கேன். ஃபோர் வீல். காடு மேடெல்லாம் ஏறும்லா?" என்றான்.

ஏறும். தரைக்கும் அடிவயிற்றுக்கும் 226 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. சரிவில் பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்து இறங்க லோ கியர் இருக்கிறது. ஆனால் அளவைக்காரன் வண்டி வாங்கும்போது அது எதுவரை ஏறும் என்று பார்ப்பதற்கு முன்னால், எங்கே நிற்கப் போகிறது, நிற்கும்போது உள்ளே என்னென்ன இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலையில் வண்டி ஓடுவது ஒன்றிரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அது நிற்கும் அலமாரிதான்.

சாமானைக் கணக்குப் போடுங்கள். மடக்கிய முக்காலியே ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதில் இரண்டு, சமயத்தில் மூன்று. ப்ரிசம் கம்பு அதையும்விட நீளம். லெவல் ஸ்டாஃப், ரேஞ்சிங் ராடு, கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி, பார்வைக் கோட்டில் நிற்கும் முள்ளை வெட்ட அரிவாள், பெயின்ட் டப்பா, சுண்ணாம்பு, தண்ணீர் கேன், பெரிய குடை (கருவிக்கு, நமக்கு அல்ல). போதாக்குறைக்கு நடுவதற்குக் கல். இதோடு நான்கு ஆள். மூன்று கதவு தாரில் பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தபிறகு முக்காலியை மடியில்தான் கிடத்த வேண்டும். 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னி எனக்குப் பிடித்த வண்டி. எடை குறைவு, மணலில் லேசாகப் போகும். ஆனால் பின்சீட் நிமிர்ந்திருந்தால் சாமானுக்கு 208 லிட்டர் இடம்தான். சீட்டை மடக்கினால் முக்காலி ஏறும், உதவியாள் இறங்க வேண்டியிருக்கும். ஜிபிஎஸ் ரோவரைத் தூக்கிக்கொண்டு தனியாக அலைகிறவருக்கு அது தாராளம். குர்கா வண்டியில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு, எந்தப் பள்ளத்திலிருந்தும் கிளம்பிவிடும். அதன் சர்வீஸ் சென்டர் நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான் தம்பிக்குச் சொன்னது பழைய பொலேரோ கேம்பர். பார்க்க லட்சணமாக இருக்காது. சரக்கு வண்டியாகப் பதிவாவதால் எஃப்சி அலைச்சலும் உண்டு. ஆனால் நாலு பேர் கதவுக்குள் உட்காரலாம், கல்லும் கடப்பாரையும் சகதிச் செருப்பும் பின்தொட்டியில் கிடக்கலாம், ஃபோர் வீல் வகையும் கிடைக்கிறது. எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் பொலேரோ எஞ்சினைத் திறந்து பார்த்த கை ஒன்று இருக்கும். விளாத்திகுளத்துக்கு அப்பால் வண்டி படுத்துவிட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கியது சரி என்று தோன்றும்.

ஒன்றே ஒன்று: டோட்டல் ஸ்டேஷன் பின்தொட்டியில் போகக் கூடாது. பட்டை ஸ்பிரிங் வண்டி சுமையில்லாமல் ஓடும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். கருவிக்குள் காம்பென்சேட்டர் என்றொரு நுண்ணிய பாகம் இருக்கிறது. கருவி சற்றே சாய்ந்து நின்றாலும் அந்தச் சாய்வை உணர்ந்து கோணத்தைத் திருத்துவது அதன் வேலை. அடிபட்டு அது பிசகினால் கருவி நின்றுபோகாது. திரையில் எண் வந்துகொண்டேதான் இருக்கும், தப்பாக வரும். நின்றுபோகிற கருவி எவ்வளவோ மேல். அதனால் பெட்டியோடு பின்சீட்டின் நடுவில் உட்காரவைத்து, பிள்ளைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட வேண்டும். வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வண்டிக்குள் விடவும் கூடாது. பெரும்பாலான கருவிகள் வேலை செய்வதற்கான உச்ச வெப்பம் 50 டிகிரி. சித்திரை மதியத்தில் பூட்டிய வண்டி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கடலோரத்தில் வேறு கதை: ஏசியில் குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். போனவுடன் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு டீ குடிப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியபோது, கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் ஏறக்குறைய அரை டன். மனிதத் தோள்கள்தான் வாகனம். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார். இன்றைய கருவி ஐந்தாறு கிலோதான். அதையும் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரி சாமான் கடையில் ராட்செட் பெல்ட் கிடைக்கும், சில நூறு ரூபாய்.

டயருக்குச் செலவு செய்ய யோசிக்கவே கூடாது. தென்மாவட்டத்தில் நமக்கு எதிரி பாறை அல்ல, சீமைக்கருவேல முள். மிதிபடும் பக்கத்தில் குத்தினால் ட்யூப்லெஸ் டயரை நாமே திரி சொருகி அடைத்துவிடலாம். பக்கவாட்டில் குத்தினால் ஸ்டெப்னிதான். அதனால் பக்கச்சுவர் கெட்டியான ஆல்-டெரைன் டயர் போடலாம். பெரிய பெரிய கட்டையாக இருக்கும் சேற்று டயர் வேண்டாம். தார்ச்சாலையில் காது கிழியும், சாலையில்தான் அதிகம் ஓடப் போகிறோம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் இறங்குவதற்கு முன் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் போகும். தார்ச்சாலைக்கு ஏறும்முன் திரும்ப நிரப்பியாக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெடும். ஆகவே பேட்டரியில் மாட்டும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று அவசியம். கரிசலுக்கு மட்டும் எந்த டயரும் மருந்தில்லை. மழை பெய்த மறுநாள் அந்த மண் டயரின் பள்ளமெல்லாம் அடைத்து அதை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருந்தால் நான்கும் வழுக்கும். அங்கே இரண்டு நாள் காத்திருப்பதுதான் தொழில்நுட்பம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு மறக்காமல் இருக்கட்டும், கரிசல் ஜாக்கியையும் விழுங்கும்.

நிற்கும் இடத்துக்கு வருகிறேன். வண்டி எல்லாவற்றின்மேலும் ஏறும் என்பதால் வரப்பின்மேலும் ஏறிவிடுகிறார்கள். அந்த வரப்பும் அதன் மூலையில் பாதி புதைந்த கல்லும் நாம் தேடிவந்த சாட்சிகள். 1923-ம் வருஷத்துச் சர்வே, எல்லைச் சட்டப்படி கல்லைக் காப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. அவரும் அவர் அப்பாவும் காத்துவைத்ததை அளக்க வந்தவனின் டயர் சாய்த்துவிட்டால், புலப்படத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? வண்டி வரப்புக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். ஜிபிஎஸ் பேஸ் வைத்திருந்தால் அதற்குப் பக்கத்திலும் நிறுத்தக் கூடாது. செயற்கைக்கோள் அலை வண்டித் தகட்டில் பட்டுத் திரும்பி ஆன்டெனாவுக்கு வந்து, தூரத்தைக் கூட்டிக் காட்டும். நெகிழ்ந்த மண்ணில் முக்காலியை ஒட்டி வண்டி நகர்ந்தாலே மட்டம் கலையும்.

இதைவிட நைசான கெடுதல் ஒன்று. வண்டி போகிற இடமாகப் பார்த்தே ஸ்டேஷன், அதாவது கருவி நிற்கும் புள்ளி, போடும் பழக்கம். வடிவக்கணக்குப்படி ஒரு புள்ளி அந்த மேட்டின் உச்சியில் இருக்க வேண்டும். வண்டி அடிவாரத்தில் நிற்கிறது என்பதால் புள்ளியும் அடிவாரத்துக்கு வந்துவிடும். முக்கோணம் ஒடுங்கும், பிழை பெருகும். அதனால் வண்டிக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தைக் கணுக்கால் மூடும் நல்ல பூட்ஸுக்கும், கருவியை முதுகில் சுமக்கும் பைக்கும் ஒதுக்கிவிடலாம். பாம்புக்கும் அந்த பூட்ஸ் உதவும்.

அலங்காரத்துக்கு ஒரு வரி போதும். முன்னால் மாட்டும் புல் பாரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டர் மாட்டினால் கருவி, கன்ட்ரோலர், லேப்டாப் மூன்றின் பேட்டரியும் வழியிலேயே ஏறிவிடும்.

நிறம் விஷயத்தில் தம்பிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவனுக்கு வெள்ளை வேண்டும், வெயிலுக்கு நல்லது என்கிறான். நியாயம்தான். ஆனால் கிராமத்துக்குள் வெள்ளை பொலேரோ நுழைந்து நான்கு பேர் முக்காலியோடு இறங்கினால் அது சர்க்கார் வண்டி. 2018-ல் சேலம் எட்டு வழிச் சாலைக்குக் கல் நட்டபோது விவசாயிகள் கல்லைப் பிடுங்கிப் போட்டதை எல்லாரும் டிவியில் பார்த்தார்கள். கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் வந்தபிறகு, அந்தப் பக்கம் முக்காலியைக் கண்டாலே நிலம் விலைக்குப் போகிறதா என்று விசாரிக்கிறார்கள். பயம் வீண் பயமில்லை. ஆகவே வேறு நிறமாக இருக்கட்டும், கதவில் 'தனியார் நில அளவை' என்று எழுதியிருக்கட்டும். வண்டி முதலில் நிற்க வேண்டிய இடம் டீக்கடை. எந்தச் சர்வே நம்பர், யார் கூப்பிட்டார்கள் என்று அங்கே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்படியே டிராக்டர் வைத்திருப்பவர் யார், அவர் நம்பர் என்ன என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தம்பியின் பட்டியலில் வின்ச் இருந்தது, அடித்துவிட்டேன். வின்ச் கயிற்றைக் கட்ட நல்ல மரம் வேண்டும், தேரியில் பனையும் உடையும்தான் நிற்கின்றன, கரிசலில் அதுவும் இல்லை. வண்டியில் இருக்க வேண்டியது தடித்த இழுவைக் கயிறு, இரண்டு டி-ஷேக்கிள், அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கிய கொக்கி. பம்பரில் கட்டி இழுக்க மட்டும் விடக் கூடாது. பம்பர் டிராக்டரோடு போய்விடும், வண்டி அங்கேயே நிற்கும்.