ஈறுக்குள் ஒளிந்திருக்கும் காரை



"பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பல் ஆட்டங்கண்டுவிடும்" என்னும் பேச்சு நம் வீடுகளில் நெடுங்காலமாக உலவி வருகிறது. இதை நம்பி, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தும் மருத்துவரிடம் செல்லாது காலங்கடத்துவோர் பலர். முடிவில், சொத்தையே இல்லாத பற்களையும் இழந்து நிற்கின்றனர்.

மிஸ்வாக் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பல்லின்மேல் அன்றாடம் படியும் அழுக்கை அது அகற்றிவிடும். விடுபட்ட அழுக்கோ இறுகிக் காரையாகிறது. அக்காரை ஈறுக்குள் இறங்கி வேரில் ஒட்டிக்கொண்டபின், மிஸ்வாக்கும் எட்டாது, பிரஷ்ஷும் எட்டாது.

நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கு பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் இராது. அளவு குறித்த மெல்லிய கம்பியால் மருத்துவர் அதை அளப்பார். ஆழம் கூடி, எலும்பும் கரைந்திருந்தால் வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்தாக வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்வுக் கருவியாலும் நுனி வளைந்த கைக்கருவியாலும் காரையைப் பெயர்த்தெடுப்பார். முற்காலத்தில் வேரின் மேற்படலத்தையே இழைத்தெடுத்தனர். அவ்வளவு தேவையில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

அப்படியாயின் பல் ஆடுவதாகத் தோன்றுவது ஏன்? எலும்பு முன்னரே கரைந்துவிட்டது. பற்களைக் கட்டுப்போட்டதுபோல் பிணைத்திருந்தது அந்தக் காரைதான்! அது நீங்கியதும் உண்மை நிலை வெளிப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் பல்லிடைச் சந்துகளும் தெரியும். சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. எஞ்சியிருப்பதைக் காப்பதே இச்சிகிச்சையின் நோக்கம்.

சர்க்கரை நோயுள்ளோர் இதில் சிறிதும் அசட்டையாக இருத்தல் ஆகாது. சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்க மறுக்கும். புகைபிடிப்போருக்கு வேறொரு ஏமாற்றம் உண்டு: நோய் முற்றியும் ஈறுகளில் இரத்தம் அதிகம் கசியாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

அதிர்வுக் கருவி நீரைப் பீய்ச்சும் ஆதலால், நோன்புக் காலத்தில் இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். ஏறத்தாழ 3 மாதங்களில் மறுபடியும் ஈறுகளை அளந்து பார்க்க வேண்டும். அப்பொழுதும் இடுக்கு மிக ஆழமாகவே இருப்பின், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவை தேவைப்படலாம்.